காற்று வழி

"எப்படியாவது காப்பாத்திக் குடுத்துடுங்கண்ணே. இன்னும் ரெண்டு வருஷம் இருந்தாப் போதும்" என்றார் ஓட்டுநர். மிளகாய்ப்பொடி விழுந்ததுபோல் கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

மெக்கானிக், கையில் இருந்த கிரீஸைப் பேண்டிலேயே துடைத்துக்கொண்டு காரின் பின்கதவைத் திறந்தார். பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடுகிற ஹைப்ரிட் டாக்சி. நான்கு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. ஓட்டுநர் இருக்கையின் மெத்தை ஒரு பக்கமாக அமுங்கி, அதில் உட்கார்ந்தவரின் முதுகும் அதே பக்கம் சாய்ந்திருந்தது.

"மறுபடியும் அந்தச் சிவப்பு விளக்கா?"

"ஆமாண்ணே. எடுத்து ரெண்டு மணி நேரத்துல எரிஞ்சுடுச்சு. பேட்டரி கொதிக்குது, வண்டியில இழுவையே இல்ல."

"போன வாரமும் இதே கதை. அதுக்கு முந்தின வாரமும் இதே கதை. அரை நாள் ஆற வச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பிடுது. இன்னிக்கு பின்சீட்டக் கழட்டிப் பாத்துட்டுத்தான் விடுவேன்."

"சீட்டெல்லாம் எதுக்குண்ணே? வழக்கம்போல ஆற விட்டா அதுவா எந்திரிச்சுக்கும்."

"மெக்கானிக் நீயா நானா?"

ஓட்டுநர் முன்கண்ணாடியில் படிந்திருந்த தூசியைச் சட்டைக் கையாலேயே துடைக்க ஆரம்பித்தார். மெக்கானிக் சிரித்தார்.

"கட்டுன பொண்டாட்டியக்கூட இப்படித் தடவிக் குடுத்திருக்க மாட்ட. கடைசியா எப்பய்யா லீவு போட்ட?"

"அப்பா செத்தப்ப ரெண்டு நாள். மச்சான் வண்டிண்ணே. அது ஓடுற வரைக்கும் நானும் ஓடணும்."

அவர் வாயை மூடுவதற்குள் கைபேசி அடித்தது. மச்சான்தான், அவர் மனைவியின் அண்ணன். ஸ்பீக்கரில் போட்டார்.

"மெக்கானிக் இருக்காரா? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லு. பேட்டரி போயிருந்தா அந்தக் கழுதைய இரும்புக்குப் போட்டுட்டு புதுசு எடுத்துடுறேன். புதுசுன்னா ஒரு நாள் நிக்காது. என்ன மாப்ள, சந்தோஷம்தான?"

"சரி மச்சான்."

"என்ன, குரலே வரல? பழசு மேல அவ்வளவு பாசமா? பத்து நிமிஷத்துல திரும்பக் கூப்பிடுறேன்."

ஓட்டுநர் சுவரோரம் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சட்டைப் பையில் கைபேசியைப் போட்ட கை அங்கேயே நின்றுவிட்டது. தாடை மார்பில் இடிக்க, பக்கத்தில் ஒருவர் தகரத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்கும்போதே குறட்டை கிளம்பியது.

மெக்கானிக் கருவியைச் செருகிப் பார்த்தார். பேட்டரியின் ஒவ்வொரு பகுதியும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டியது. இத்தனை ஓட்டத்துக்குப் பிறகும் பழுதில்லாமல் இருப்பது பெரிய விஷயம். சூடு மட்டும்தான் ஏறிக் கிடந்தது. சூடு ஏன் ஏற வேண்டும்?

பின்சீட்டின் பக்கவாட்டில், பேட்டரிக்குக் குளிர்காற்று போகிற வலைமூடி இருக்கிறது. விரலால் நெம்பினார். வந்துவிட்டது. உள்ளே, காற்றுக் குழாயின் வாயில், மஞ்சள் நிறத்தில் கார் துடைக்கிற துணி ஒன்று. நான்காக மடித்து, விளிம்பு பிசகாமல் அடைத்திருந்தது.

அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஓடிவந்து பெஞ்சை உதைத்தார்.

"எந்திரிய்யா! உன் கழுதை பொழச்சுக்கிச்சு!"

ஓட்டுநர் திடுக்கிட்டு எழுந்து, இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார்.

"பேட்டரி கல்லு மாதிரி இருக்கு. அது மூச்சு விடுற ஓட்டையில துணி அடைச்சுக் கிடந்துச்சு. பின்னாடி ஏறுன எந்தக் குழந்தை பண்ணுன வேலையோ! எடுத்துட்டேன். இன்னும் ரெண்டு லட்சம் கிலோமீட்டருக்குக் கவலையில்ல. இனிமே என்னைத் தேடி வரவே மாட்ட."

ஓட்டுநர் துணியைப் பார்த்தார். காரைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த பெஞ்சை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.

"ஒரு நாள்கூட நிக்காதாண்ணே?"

"நிக்கவே நிக்காது. என்னய்யா, நல்ல சேதி சொல்றேன், எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்க?"

கைபேசி மறுபடியும் அடித்தது. சட்டைப் பையிலிருந்து அதை எடுக்கப்போன மெக்கானிக்கின் கையை ஓட்டுநர் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் பலமே இல்லை.

"பேட்டரி போகல, வண்டிய விக்க வேணாம்னு மட்டும் மச்சான்கிட்ட சொல்லிடுங்கண்ணே."

"அதைத்தான சொல்லப்போறேன்? வேற என்ன வேணும் உனக்கு?"

ஓட்டுநர் பெஞ்சில் மெல்லச் சாய்ந்து, காலை நீட்டி, முழங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"அந்தத் துணிய எடுத்த இடத்துலயே வச்சிடுங்க."