அவளுக்கு மட்டும்

"மிச்சம் வைக்காம சாப்பிடு கண்ணு. ஓடி முடிச்ச சூட்டோட உள்ளே போகணும்."

பயிற்சியாளர் டப்பாவைத் திறந்து நெட்டையிடம் நீட்டினார். அவித்த கொண்டைக்கடலையும் சோயாத் துண்டுகளும். இன்னும் ஆவி அடங்கவில்லை.

இரண்டடி தள்ளி ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த சிட்டுக்கு வயிறு எரிந்தது. கண்ணாம்! பெற்ற மகள் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாள். அவளை அப்பா கடைசியாக எப்போது அப்படிக் கூப்பிட்டார்?

நெட்டை போன மாதம்தான் இந்த மைதானத்துக்கு வந்தாள். அவளுக்கும் நானூறு மீட்டர்தான். பெரிய போட்டிக்கு ஒருத்திதான் போக முடியும்.

"கறி, முட்டை, பால் எதுவும் தொடாம ஓடுற பிள்ளைக்கு, சும்மா உட்கார்ந்திருக்கிறவங்களைவிட புரதம் அதிகம் வேணும்," அப்பா ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார். "வெறும் இலை தழையைக் கொறிச்சா கால்ல வலு எங்கேயிருந்து வரும்? பருப்பு, பயறு, கடலை, சோயான்னு மாத்தி மாத்திச் சாப்பிடணும். மூணு வேளையும்."

நெட்டை கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். என்ன ரசனை!

சிட்டும்தான் கறி, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டிருந்தாள். அதற்கு வீட்டில் எத்தனை சண்டை! அப்பா வாயைத் திறந்தாலே, "எனக்குத் தெரியும்" என்று எழுந்து போய்விடுவாள். பயிற்சியில் தலைசுற்றி விழுந்தபோதுகூட வெயில்தான் காரணம் என்று சாதித்தாள். அப்போதெல்லாம் வராத டப்பா, யாரோ பெற்ற பெண்ணுக்கு வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் பையை வீசினாள்.

"அம்மா, அவளுக்கு ஒரு டப்பான்னா எனக்கு ரெண்டு வேணும்."

"எவளுக்குடி?"

"அதான், உன் புருஷனோட புது மகளுக்கு!"

அம்மா உடனே குக்கரை அடுப்பில் ஏற்றினாள்.

நெட்டை சோயா தின்றால் சிட்டு சோயாவோடு வேர்க்கடலையும் தின்றாள். காலையில் பயறு, இரவில் பருப்பு, மேலும் இரண்டு கரண்டி. அப்பாவிடம் மட்டும் பேச்சு வார்த்தை இல்லை. பொறாமை ஏற ஏறப் பசியும் ஏறியது.

தேர்வுப் பந்தயம் வந்தது. கடைசி நூறு மீட்டரில் எப்போதும் துவண்டுபோகும் கால்கள் அன்று துவளவில்லை. நெட்டையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சிட்டு கோட்டைத் தாண்டினாள்.

மூச்சு வாங்க, நேரே அவளிடம் போனாள்.

"இனிமே எங்கப்பா யாருக்கு டப்பா கொண்டு வர்றார்னு பார்ப்போம்!"

புல்லில் மல்லாந்து கிடந்த நெட்டை கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தாயே, உனக்கே கொண்டு வரட்டும். எனக்கு சோயா வாசனையே குமட்டும். கறி இல்லாம எனக்குச் சோறே இறங்காது."

"அப்புறம் எதுக்குடி தின்னே?"

"'நான் சொன்னா என் பொண்ணு காதுலயே போட்டுக்க மாட்டா. நீ சாப்பிடறதைப் பார்த்தா பொறாமையிலயாவது சாப்பிடுவா'ன்னு உங்கப்பா எங்க வீட்டுக்கே வந்து, எங்கம்மா முன்னாடி கண் கலங்கிக் கேட்டாருடி!"