முதல் வாய்

செண்பகவல்லியின் கடைவாய்ப்பல்லில் பதித்திருந்த மின்னணுச் சில்லு, வேளாவேளைக்கு அவள் வாயின் நிலவரத்தைக் கணவன் வேலாயுதத்தின் கைபேசிக்கு அனுப்பிவிடும். மூன்று மாதமாகச் சாப்பாட்டின் முதல் வாயிலேயே அவளுக்குத் தாடை சுளீரென்று வலித்தது. நாலைந்து வாய்க்குப் பிறகு தணிந்துவிடும்.

“எல்லாம் பச்சையாத்தான் காட்டுது. நீயா நெனச்சுக்கிறே,” என்றான் வேலாயுதம், கைபேசித் திரையைப் பார்த்தபடி.

அவள் வலியைப் பற்றிப் பேசுவதை விட்டாள். பிறகு சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் வேலையிடத்தில் மயங்கி விழுந்தாள்.

மருத்துவர் ஹமீதா, வேலாயுதம் நீட்டிய சில்லின் அறிக்கையைப் புரட்டவில்லை. “எப்ப வலிக்குது? நீங்களே சொல்லுங்கம்மா,” என்றார். முழுக்கக் கேட்டுவிட்டு, விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியிருந்தது.

“பல்லு நல்லாத்தான் இருக்கு. சர்க்கரை நரம்பப் பாதிச்சா சில பேருக்கு இப்படி வலிக்கும். சர்க்கரை கட்டுக்குள்ள வந்தா வலியும் குறையலாம்.”

வேலாயுதம் தலைகுனிந்து நின்றான்.

அன்று வீட்டில் அவனே சோறு போட்டு எதிரே உட்கார்ந்தான். முதல் வாயில் அவள் கண்கள் இறுக மூடின.

“வலிக்குதா?”

“வலிக்குது.”

அவள் முகம் தெளியும்வரை அவன் தன் தட்டில் கை வைக்கவில்லை.