முப்பத்திரண்டாவது வாக்குமூலம்

"ஃபிரிட்ஜ் கதவைச் சரியா மூடாம விட்டது யாரு?"

"நான் இல்லைன்னு மூணு தடவை சொல்லிட்டேன்."

"ஏன் கோவப்படுறே? நான் கோவப்படுறேனா? திரும்பக் கேட்கிறேன், அவ்வளவுதான். கதவை மூடாம விட்டது யாரு?"

சாப்பாட்டு மேஜைக்கு இந்தப் பக்கம் ரிடையரான துப்பறியும் அதிகாரி, அந்தப் பக்கம் அவர் மனைவி. விசாரணை ஆரம்பித்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அவர் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. முப்பது வருட சர்வீஸில் யார் மேலும் அவர் கை வைத்ததில்லை. கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பார்.

"சரி, நான்தான்," என்றாள் மனைவி.

"எத்தனை மணிக்கு?"

"எட்டரைக்கு."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா எப்பவோ டீ குடிச்சிருக்கலாம்ல?"

எட்டரை மணிக்கு அவள் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். இருந்தாலும் எழுந்து போய் டீ போட்டாள். அவர் ரிடையராகி ஐந்து மாதம் ஆகிறது. இந்த மாதத்தில் மட்டும் அவள் ஒப்புக்கொண்ட ஏழாவது குற்றம் இது.

டீ ஆறுவதற்குள் அழைப்பு மணி அடித்தது. வந்தவர் இன்ஸ்பெக்டர். எட்டு வருடம் இவருக்குக் கீழே வேலை பார்த்தவர். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால், குற்றவாளிகளின் வாக்குமூலங்களை இவர் சொல்லச் சொல்ல எழுதியவர்.

"ஐயா, உங்களை விட்டா எனக்கு வேற ஆளில்லை. மூணு கொலை. மூணும் ஒரே ஆள் பண்ணது."

"பேப்பர்ல வரலையே?"

"வரக் கூடாதுன்னு மேல இருந்து உத்தரவு. ஸ்டேஷன்ல கூட என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த வீடுகள் பக்கம் போனாலும் அவன் உஷாராயிடுவான்."

"போக வேண்டியதில்லை. வீட்டுல என்னப்பா இருக்கு? உண்மை ஆளுக்குள்ளதான் இருக்கு."

ஃபைலைப் பிரித்தார். ஒரு தையல்காரர், ஒரு கணக்கு வாத்தியார், ஒரு லாட்ஜ் மேனேஜர். மூவரும் தனியாக வாழ்ந்தவர்கள். பூட்டு எதுவும் உடைக்கப்படவில்லை. மூன்று வீட்டிலும் இடது கால் செருப்பு மட்டும் காணவில்லை.

ஐந்து மாதமாகத் தொங்கிப் போயிருந்த முகம் நிமிர்ந்தது. பேனா எங்கே என்று தேடினார். யார் எடுத்தது என்று கேட்கவில்லை. மனைவிக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

"ஐயா கைக்கு வந்த கேஸ் எதுவும் தோத்ததில்லம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "முப்பத்தொரு கொலைக் கேஸ். முப்பத்தொரு பேரும் தானா ஒத்துக்கிட்டாங்க. பாதிப் பேருக்குத் தூக்கு."

"எனக்குத் தெரியாதா? இது எத்தனை நாள் ஆகும்பா?"

"ஆறு மாசமாவது ஆகும்."

"நல்லா இருப்பே," என்று இன்ஸ்பெக்டர் தட்டில் இன்னும் இரண்டு பிஸ்கட் வைத்தாள்.

பத்தாம் நாள் காலை இன்ஸ்பெக்டருக்கு போன் வந்தது. "வீட்டுக்கு வா. ஆள் கிடைச்சாச்சு."

இன்ஸ்பெக்டர் பாதி ஷேவிங்கில் ஓடி வந்தார். வாசல் வராந்தாவில், நாற்காலி நுனியில் ஓர் ஆள். ஒரு வாரத் தாடி. மனைவி கொடுத்த தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"பூட்டு உடையலை. அப்ப யாரு? சாவி பண்றவன். இந்த ஏரியாவுக்கே இவன் ஒருத்தன்தான்," என்றார் அதிகாரி. பத்து வயது குறைந்தவர் போல் இருந்தார். "கடையில போய் உட்கார்ந்தேன். அப்புறம் அவன் வீட்டுல. மொத்தம் ஆறு நாள். கை வைக்கலை, கத்தலை. நேத்து சாயந்திரம் எல்லாத்தையும் கொட்டிட்டான். படி, நான் குளிச்சிட்டு வந்துடறேன்."

நான்கு பக்கம். தையல்காரரை அவருடைய அளவு நாடாவாலேயே கழுத்தை நெரித்தது, வாத்தியாரைத் தலையணையால் அழுத்தியது, மேனேஜர் கடைசியாகக் கெஞ்சியது, எல்லாம் இருந்தது. 'இடது கால் செருப்புகளை மட்டும் எடுத்துப் போய்ப் பாலத்திலிருந்து ஆற்றில் வீசினேன்.' ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து.

"சார்," என்றார் சாவிக்காரர், "கையெழுத்துப் போட்டா வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்னு ஐயா சொன்னாரு. போகட்டுமா?"

இன்ஸ்பெக்டர் உள்ளே போய், காகிதங்களை மேஜை மேல் வைத்தார். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை படித்தாள். குளியலறையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது.

"செருப்பு நான் சொன்னதுப்பா," என்றாள் மெதுவாக. "கேஸ் நிஜம் மாதிரி இருக்கட்டுமேன்னு, இதே மேஜையில உட்கார்ந்து உனக்கு நான்தானே எடுத்துக் கொடுத்தேன்."

"ஆமாம்மா. தையல்காரர் நான் சொன்னது. அப்படி யாரும் சாகவே இல்லை."

"இவர் நாலு நாள் வெளியே போய்ச் சுத்திட்டு வந்தாப் போதும்னுதான் உன்னைக் கேட்டேன்..."

ஃபிரிட்ஜ் கதவை மூடாமல் விட்டதாக ஒப்புக்கொண்ட அதே நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்.

"ஏம்பா, அந்த முப்பத்தொரு பேர்ல இப்ப எத்தனை பேர் உயிரோட இருக்காங்க?"