லென்ஸ் இல்லை என்றது கேமரா

கேமராவை ஒரு துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

எதிர் நாற்காலியைக் காட்டினேன். உட்காரும் முன் என் மேஜை, பக்கத்து ஜன்னல், எனக்குப் பின்னால் இருந்த எடிட்டரின் கண்ணாடி அறை எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

திருட்டு முழி என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். பிள்ளைகளுக்கு லேப் அக்கா. போன திங்கட்கிழமை அங்கே ஒரு வகுப்பறைச் சுவர் இடிந்து விழுந்தது. இரண்டு குழந்தைகள் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். சுவரில் விரிசல் இருந்தது தனக்குத் தெரியவே தெரியாது என்று கட்டடத்தைக் கட்டிய கான்ட்ராக்டர் எல்லா நிருபர்களிடமும் அடித்துச் சொல்லிவிட்டார்.

மறுநாள் லேப் அக்கா எங்கள் பத்திரிகைக்கு ஒரு படம் அனுப்பினாள். சுவர் விழுவதற்கு ஒன்பது நாள் முன்பு எடுத்தது. அதில் கான்ட்ராக்டர் அதே விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

படப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. பார்த்ததும் எனக்கே உறுத்தியது. முகமும் விரலும் அவ்வளவு துல்லியம். ஆனால் ஜன்னலுக்கு வெளியே இருந்த மரம், நீர்ச்சுழலில் மாட்டிக்கொண்டது போல அவர் தலையைச் சுற்றி வட்டமடித்துக்கொண்டிருந்தது. கேமரா பதிந்துவைக்கும் விவரங்களைத் திறந்தேன். லென்ஸ் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. லென்ஸ் எவ்வளவு திறந்திருந்தது என்ற இடத்தில் பூஜ்யம்.

எடிட்டர் உதட்டைப் பிதுக்கினார். கம்ப்யூட்டரில் செய்த படம், நம் பேரைக் கெடுக்க யாரோ விரித்த வலை, அவளை வரவழைத்து வாயைக் கிளறுங்கள், மெமரி கார்டையும் வாங்கி வைத்துவிடுங்கள் என்றார்.

கார்டைக் கேட்டேன். பார்த்துக்கொள்ளலாம், கொடுக்க மாட்டேன் என்றாள். என் சந்தேகம் இன்னும் ஒரு படி ஏறியது.

துண்டைப் பிரித்தாள். கேமரா புதிது. அதில் மாட்டியிருந்த லென்ஸுக்கு எங்கள் இருவரையும்விட வயது அதிகம். பழைய சாமான் கடையில், உடைந்த ஃபிலிம் கேமரா ஒன்றோடு சேர்த்து வாங்கியதாம். நடுவில் விரல் தடிமனுக்கு ஓர் அலுமினிய வளையம். அது இருந்தால்தான் அந்தத் தலை இந்த உடம்பில் உட்காரும். ஆட்டம் கொடுக்காமலிருக்க உள்ளே ஒரு சுற்று டேப் ஒட்டியிருந்தாள்.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது என்று விளக்கினாள். ‘லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு’ என்று மெனுவில் ஒன்றை மாற்றிவைத்தால்தான் பட்டனே வேலை செய்யுமாம். கேமராவைப் பொறுத்தவரை அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. பூஜ்யம் என்று எழுதாமல் வேறென்ன எழுதும்?

மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று பட்டது. என்னையே இங்கே எடுத்துக் காட்டுங்கள் என்றேன்.

ஜன்னலோரம் நிற்கவைத்தாள். தானாக ஃபோகஸ் செய்கிற வசதி அந்த லென்ஸில் இல்லை. திரையில் என் கண்ணை மட்டும் பெரிதாக்கி, லென்ஸை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். ஒரு படம். இன்னொன்று. பிறகு, உங்கள் நாற்காலியிலேயே உட்காருங்கள், அங்கே ஒன்று எடுக்கிறேன் என்றாள். அதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். எனக்குக் கழுத்து வலித்தது.

கார்டை என் கம்ப்யூட்டரில் செருகி மூன்றையும் இறக்கினேன். அவள் கண் கார்டை விட்டு நகரவில்லை.

முதல் படம். லென்ஸ் பெயர் காலி, பூஜ்யம். என் முகம் துல்லியம். என் தலையைச் சுற்றித் தெருவோர மரம் வட்டமடித்தது. இரண்டாவதும் அச்சு அசல் அப்படியே. மரத்தைச் சுழல வைப்பது அந்தப் பழைய லென்ஸின் குணம்.

வெட்கமாக இருந்தது. இரண்டு நாளாக ஒரு பொம்பளையைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்றாவதில் என் முகம் ஆவி படிந்த கண்ணாடியில் தெரிவது போலக் கரைந்திருந்தது. பாவம், அவ்வளவு நேரம் எடுத்தும் தவறவிட்டுவிட்டாள்.

“இதுல ஃபோகஸ் தப்பிடுச்சு. பரவாயில்ல, மத்த ரெண்டே போதும்.”

“தப்பல மேடம்,” என்றாள். குரல் இறங்கியிருந்தது. “உங்களுக்குப் பின்னாடி பெருசு பண்ணிப் பாருங்க.”

பெரிதாக்கினேன்.

கண்ணாடி அறை. எடிட்டர் சாய்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்த முகம், இரண்டு நாளாக நான் புள்ளி புள்ளியாகப் பார்த்த முகம். வராந்தாப் பக்கத்துக் கதவு வழியாக வந்திருக்க வேண்டும். காலையில் நான் எடிட்டரிடம் கொடுத்த படப் பிரதியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார் கான்ட்ராக்டர்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் நாங்கள் பார்த்துவிட்டது அவர்களுக்குத் தெரிந்துபோயிருக்கும்.

கார்டை உருவி அவள் உள்ளங்கையில் வைத்து மூடினேன். லிஃப்ட் வேண்டாம், படிக்கட்டு வழியாகப் போங்கள் என்றேன். துண்டைச் சுற்றக்கூட நேரமில்லாமல் கேமராவைப் பையில் திணித்துக்கொண்டு போனாள்.

அப்புறம் மெயிலில் இரண்டே வரி தட்டினேன். ‘படம் உண்மையானது. சோதனைக்காக எடுத்த மூன்று படங்களும் இணைப்பில்.’ எடிட்டருக்கு, செய்திப் பிரிவில் இருந்த ஏழு பேருக்கு, முதலாளிக்கு, பத்திரிகையின் வக்கீலுக்கு.

சாயங்காலம் எடிட்டர் என் மேஜைக்கு வந்தார். முதல் பக்கத்தில் இடம் ஒதுக்கச் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

படம் வந்தது. மூன்றாவது படத்தைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாளே எடிட்டரின் அறைக்குத் திரை போட்டுவிட்டார்கள்.