ஏழாவது கை

மூன்று கைகள் உயர்ந்தன. மூன்று கைகள் மேசையிலேயே கிடந்தன.

ஏழாவது கை மனோரஞ்சிதத்தினுடையது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பார்த்த வேகத்திலேயே கண்களைக் கோப்பிக் கோப்பைகளுக்குத் திருப்பிக்கொண்டார்கள்.

அவள் புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், ஸ்கீவ நகரத்துக்கு வெளியே இருக்கும் அந்தச் சிறிய தேவாலயத்தின் நிர்வாகக் குழு, ஒரே ஒரு விடயத்துக்காக அவசரமாகக் கூடியிருந்தது. யூசுப் என்ற இளைஞன் முதல்நாள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். தேவாலயத்து மயானத்தின் ஓரத்தில், மக்காவின் திசை பார்த்து ஒரு குழி வெட்ட இடம் தருவீர்களா என்று அவனுடைய தகப்பன் கேட்டிருந்தார். இல்லையென்றால் மகனை, முஸ்லிம் மயானம் உள்ள தூரத்து நகரம் ஒன்றுக்குக் கொண்டுபோக வேண்டும்.

"வரிசை கோணலாகிவிடும்" என்றார் பால்பண்ணைக்கார யென்ஸ். பிறகு குரலைத் தணித்து, மட்டக்களப்பில் ஓர் ஈஸ்டர் ஞாயிறன்று ஆராதனைக்குப் போனவர்களுக்கு என்ன நடந்தது என்று மனோரஞ்சிதம்தானே நமக்குச் சொன்னாள் என்றார்.

உண்மைதான். அவளோடு படித்த ஒருத்தி, முஸ்லிம் தீவிரவாதி ஒருவன் அங்கே வெடிக்கவைத்த குண்டில் தன் பிள்ளையோடு போய்விட்டாள்.

மற்றதை யென்ஸ் சொல்லவில்லை. அந்த மேசையில் ஒருவருமே சொல்லவில்லை.

லிண்டா அமெரிக்காவில் பிறந்து, இங்கே ஒரு விவசாயியைக் கட்டிக்கொண்டு வந்தவள். அவள்தான் பேசினாள்.

"இந்தக் கோடையில் என் நாட்டுக்கு இருநூற்றைம்பது வயது. மதச் சுதந்திரம் என்று எழுதியவர்களில் சிலர், முஸ்லிமும் அதற்குள் அடங்குவான் என்று தெரிந்தேதான் எழுதினார்கள். ஆனால் பக்கத்து வயல்களில் அடிமைகளாக உழைத்த முஸ்லிம்களுக்கு அது எட்டவில்லை. எழுதுவது சுலபம். ஒரு மனிதன் வந்து ஆறடி நிலம் கேட்கும்போதுதான் நாம் யார் என்று தெரியும்."

தலைவர் மனோரஞ்சிதத்தின் பக்கம் சாய்ந்தார். "நீ வாக்களிக்காமல் இருக்கலாம். உன்னை ஒருவரும் குறைசொல்ல மாட்டார்கள்."

வாக்களிக்காவிட்டால் கோரிக்கை விழுந்துவிடும். அது அவளுக்கும் தெரியும்.

ஜன்னலுக்கு வெளியே, மயான வாசலில் அந்தத் தகப்பன் நின்றார். உள்ளே வந்து இருக்கச் சொல்லியும் வரவில்லை. ஆஸ்பத்திரி நடையில் அவரைப் பல நாட்கள் கண்டிருக்கிறாள். அவளைக் காணும்போதெல்லாம் அவர் எழுந்து நிற்பார். அவள் முகம் பார்க்காமல் கடந்துபோவாள்.

இப்போதும் அவர் மீது அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரட்டும் என்று காத்திருந்து பார்த்தாள். வரவில்லை.

கையை உயர்த்தினாள்.

லிண்டா அழுதாள். யென்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். மனோரஞ்சிதம் மேலங்கியை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கும் காத்திராமல் வெளியே வந்தாள்.

அவளுடைய கணவர் பாக்கியராசா காரில் இருந்தார்.

"என்ன முடிவாம்?"

"இடம் குடுக்கினம்."

"நீ?"

"கை தூக்கினன்."

அவர் ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தார்.

"அவன்தானே மனோ கார் ஓட்டினவன்" என்றார். "எங்கட ரஜிதன் பக்கத்து சீற்றில சும்மா இருந்தவன்."

கார் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இறந்த மகன் ரஜிதனைப் புதைத்த மண் இன்னும் இறுகவில்லை. போன கிழமைதான் அவனை அந்த மயானத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"ஓம்" என்றாள் மனோரஞ்சிதம். "ரெண்டு பேரும் ஒண்டாத்தானே கார்ல வெளிக்கிட்டவை."

வாசலில் நின்ற மனிதருக்கு இன்னும் ஒருவரும் முடிவைச் சொல்லவில்லை.

பாக்கியராசா கதவைத் திறந்துகொண்டு இறங்கி, அவரை நோக்கி நடந்தார்.