ஆயுசுக்கும் ஒரே ஆயில்

"மாத்தினா வண்டி படுத்துடுமா, படுக்காதா? அதை மட்டும் சொல்லுங்கண்ணே." அந்தப் பெண் இதே கேள்வியைக் கேட்பது மூன்றாவது தடவை.

மெக்கானிக் பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். வாடகைக்கு ஓடும் ஆட்டோமேட்டிக் கார் அது. எட்டு வருடத்தில் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தொட்டிருந்தது. கியர் மாறும்போதெல்லாம் ஒரு குலுக்குக் குலுக்கியது.

"பட்டுனு பதில் சொல்ற விஷயம் இல்லைம்மா. இது சீல் பண்ணின கியர் பாக்ஸ். ஆயில் அளவு பார்க்க ஒரு குச்சிகூட வைக்கலை. ஆயுசுக்கும் ஒரே ஆயில் போதும்னு கம்பெனிக்காரன் புஸ்தகத்துல போட்டிருக்கான்."

"அதையேதான் நானும் சொல்றேன்" என்றார், நாற்காலியில் சரிந்திருந்த அவள் கணவர். காரை ஓட்டுபவர் அவர்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. "ஏதோ ஓடுது, ஓடிட்டுப் போகட்டும். இவ கேட்டாத்தானே! ஆயிலை மாத்தி கியர் பாக்ஸைப் பறிகொடுத்தவன் எங்க ஸ்டாண்டுலயே ரெண்டு பேர் இருக்கான்."

"அது நிஜமாண்ணே?"

"நிஜந்தான்மா. உள்ளே தேய்ஞ்ச தூளெல்லாம் பழைய ஆயில்லயே கலந்து கிடக்கும். அந்தப் பிடிப்புலதான் சில கிழட்டு கியர் பாக்ஸ் உயிரோட இருக்கும். புது ஆயிலை ஊத்தினா வழுக்க ஆரம்பிச்சுடும். எவ்வளவு மிதிச்சாலும் நகராது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நடுவழியில அப்படி ஆச்சுன்னா, உள்ளே இருக்கிற ஆளுக்கு ஏதாவது ஆகுமா?"

"சேச்சே. இஞ்சின் சும்மா கத்தும். வண்டி மெல்ல மெல்ல ஓரமா ஒதுங்கி நின்னுடும், அவ்வளவுதான். ஆனா மாத்தாம விட்டாலும் இந்தக் குலுக்கல் நல்லதுக்கில்லை. எப்படியும் ஒரு நாள் போகும். இன்னும் ஒரு வருஷம் இழுக்கலாம், ரெண்டு வருஷமும் இழுக்கலாம்."

"ரெண்டு வருஷமா?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

கணவரைத் திரும்பிப் பார்த்தாள். இப்போதுதான் பேசிய மனிதர், அதற்குள் மோவாய் நெஞ்சில் இடிக்கத் தூங்கியிருந்தார். விரலில் சாவி தொங்கியது.

"மாத்திடுங்கண்ணே. இன்னிக்கே."

மெக்கானிக்குக்கு அவள்மேல் மரியாதை வந்தது. இந்தத் தொழிலில் அவருக்கு இருபத்திரண்டு வருடம். வண்டி செத்த பிறகு கட்டி இழுத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். இவளோ முன்கூட்டியே வந்து நிற்கிறாள். அந்த அக்கறைக்காகவாவது இந்த கியர் பாக்ஸைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

காரை மேலே தூக்கும்போது இடது பக்கம் நசுங்கியிருப்பதைக் கவனித்தார். "இது என்னம்மா?"

"போன வாரம் தடுப்புச் சுவர்ல உரசிட்டார். அதுக்கு முந்தின வாரம் ஒரு கம்பத்துல. அதை விடுங்க, ஆயிலைப் பாருங்க."

ஆயில் தார் போலக் கறுத்திருந்தது. கருகிய வாடை மூக்கில் ஏறியது. அடித்தட்டைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த காந்தங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் மாவு போலத்தான் படிந்திருந்தது. இரும்புத் துணுக்கு ஒன்றுகூட இல்லை. பிழைக்க வழி இருக்கிறது.

ஒரேயடியாகப் புது ஆயிலை மாற்றினால்தான் அதிர்ச்சி. அதனால் பாதியை வடித்தார். ஃபில்டரை மாற்றினார். வடித்த அளவுக்குப் புது ஆயில் ஊற்றி, சூடேற்றி, பக்கவாட்டுத் திருகைக் கழற்றி அளவு பார்த்து, தெருவை நான்கு சுற்று சுற்றிவிட்டு வந்து மறுபடி பாதியை வடித்தார். இப்படி மூன்று முறை. மதியச் சாப்பாடு மூடியபடியே இருந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று.

ஒவ்வொரு சுற்று முடிந்து வரும்போதும் அவள் வாசலில் நின்றாள்.

"இன்னும் ஓடுதாண்ணே?"

"ஓடுதும்மா, ஓடுது. தைரியமா இரு."

நாலு மணிக்குக் கணவரை எழுப்பினார்கள். தூக்கிவாரிப்போட்டு எழுந்தவர் முதலில் செல்போனைத்தான் தேடினார். "சவாரி ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஒரு சுற்று போய்த் திரும்பியபோது முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, குலுக்கலே இல்லை! வெண்ணெய் மாதிரி போகுது. வழியில விட்டுடுமோன்னு பயந்துதான் இத்தனை நாள் தூரத்துச் சவாரியை ஒதுக்கிட்டிருந்தேன். இனிமே என்ன கவலை? விடிய விடிய ஓட்டலாம்."

சீட்டை விட்டு இறங்காமலே செல்போனில் சவாரி தேட ஆரம்பித்தார்.

அவள் பழைய டயர் அடுக்கின்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். செத்த வண்டிக்காக அழுதவர்களை மெக்கானிக் பார்த்திருக்கிறார். பிழைத்த வண்டிக்காக யாரும் அழுததில்லை. அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா அழறே? கண்டம் தாண்டிடுச்சு. இனி ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு நிக்கவே நிக்காது. நான் பொறுப்பு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அசதி மட்டும்தான்.

"அது நின்னாத்தாண்ணே அவர் நிப்பாரு."