உள்பக்கம் போன சாயம்

"சாயம் தோய்ச்ச பக்கம் வெளியில வரணும்னு எருமைமாட்டைக் கேட்டாக்கூடச் சொல்லும்டா மாப்ளே" என்றார் பைண்டர், மனைவியின் தம்பியிடம்.

எருமைமாட்டுக்கு அட்டை ஒட்டத் தெரியுமா என்று தம்பி திருப்பிக் கேட்கவில்லை. விரலில் ஒட்டிய பசையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மேஜைமேல், பைண்டர் கையாலேயே தைத்த நோட்டுகள் மலையாகக் கிடந்தன. அவற்றுக்கு அட்டை ஒட்டும் வேலையை, கம்பெனி மூடியதால் அக்கா வீட்டில் வந்து தங்கியிருந்த தம்பியிடம் கொடுத்திருந்தார்கள். பையனும் ஒரு மூச்சில் ஒட்டி முடித்துவிட்டான். என்ன, அட்டைமேல் ஒட்டுகிற வண்ணக் காகிதத்தில், சாயம் தோய்த்த பக்கத்தில் பசை தடவிவிட்டான். வண்ணமெல்லாம் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. வெளியே தெரிந்தது காகிதத்தின் முதுகு. அதில் நீலம் லேசாகக் கசிந்து, அழுது முடித்த முகம் மாதிரி இருந்தது.

காகிதத்துக்குச் சாயம் போட்டவள் பைண்டரின் மனைவி. ஒவ்வொரு தாளையும் ஒரு பக்கம் மட்டும் நனையும்படி சாயத்தின் மேல் படியவிட்டு, கிழியாமல் எடுத்துக் கொடியில் காயப்போட்டு, நகமெல்லாம் நீலமாகிப்போனவள். மேஜையைப் பார்த்ததும் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் கோபப்படும் வேலையையும் கணவரே இழுத்துப்போட்டுக்கொண்டு செய்தார்.

சாதாரணமாகவா செய்தார்? அவர் குரலை உயர்த்தினால் எதிர்வீட்டு மாடியில் காய்கிற துணி தானாக இறங்கி உள்ளே போய்விடும். தம்பி வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியதற்கே அவன்தான் காரணம் என்றார். இன்னும் ஒரு மாதம் விட்டால் அட்டையை நடுவில் வைத்துப் பக்கங்களை வெளியே ஒட்டிவிடுவான் என்றார். கடைசியில், இதையெல்லாம் கண்ணெதிரே வைத்துக்கொண்டால் சோறு இறங்காது, எங்கேயாவது தள்ளிவிட்டு வருகிறேன் என்று நோட்டுகளை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இதற்குள் அவளுடைய கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. தம்பியைத் தேடினாள். அவன் உள்ளறையில் பையில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். அவற்றையும் உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரிதான் மடித்திருந்தான்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"எங்கயாவது. மாமா திட்டினதுல தப்பில்லக்கா. நீ பாவம்னு பாக்கற பாரு, அதைத்தான் தாங்க முடியல."

இருடா என்று அவள் சொல்லலாம். சொன்னால் இரக்கப்படுகிறாய் என்பான். வயிறு ஒட்டிப்போய் வந்து நின்றாலும் இப்பதான் சாப்பிட்டேன் என்கிற ஜாதி. அவனை நிறுத்த அக்கா வாய் போதாது. உன் வேலை நன்றாக இருக்கிறது என்று வெளி ஆள் யாராவது சொல்ல வேண்டும்.

யார் சொல்வார்கள்? அப்போதுதான் கடைக்கார அம்மா நினைவுக்கு வந்தாள். இவர்கள் செய்கிற நோட்டுகளை வாங்கி விற்பவள் அவள்தான். சாயங்கால பஸ்ஸுக்குப் போகலாம், அதுவரை சாயக் கிண்ணங்களைக் கழுவிவை என்று தம்பியைக் கட்டிப்போட்டாள். மேஜைக்கடியில் விழுந்து தப்பித்திருந்த ஒரு நோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். நடை எங்கே, ஓட்டம்தான். வழிநெடுகக் கணவரை வைதுகொண்டே போனாள். அந்த மனுஷனுக்கு நெஞ்சு இருக்கிற இடத்தில் கெட்டி அட்டையை வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று தீர்மானமே செய்துவிட்டாள்.

கடையில் மூச்சிரைக்க நோட்டை நீட்டி, நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள்.

"ஒரே ஒரு பொய் சொல்லணும்மா. எங்க வீட்டுக்குப் போன் பண்ணி, இந்த மாதிரி வெளிறின அட்டைதான் எல்லாரும் கேக்கறாங்க, இன்னும் வேணும்னு சொல்லுங்க. என் தம்பி காதுல விழணும். எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா ஆடித் தீத்துடுவார்."

கடைக்கார அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள். நாற்காலி கிறீச்சிட்டது.

"ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு பொய்தாம்மா என்னால முடியும். அதை ஏற்கெனவே ஒருத்தருக்குக் குடுத்தாச்சு."

"யாருக்கு?"

கடைக்கார அம்மா அலமாரியைக் காட்டினாள். பைண்டர் மூட்டை கட்டிக்கொண்டு போன நோட்டுகள் அத்தனையும் கண்ணாடிக்குப் பின்னால் முன்வரிசையில் நின்றன.

"உன் வீட்டுக்காரர் இப்பதான் போறார். போன்ல என்ன சொல்லணும்னு எனக்குப் பாடம் எடுத்துட்டுப் போறார். உனக்கு மட்டும் தெரியக்கூடாதாம். தெரிஞ்சா அடுத்த தடவை அவர் கத்தும்போது நீ சிரிச்சுடுவியாம்."

பைண்டரின் மனைவி அலமாரியையும் கடைக்கார அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பின்ன எதுக்கும்மா அவனை அந்தக் கத்து கத்தினார்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'பேப்பர் பூரா அவ உழைப்பு. அவ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பையன் உடைஞ்சு போயிருப்பான். அதான், அவ திறக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன்'னார்."